தொண்ணூறு மடங்கு, ஒரு தரம்

மும்பையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனவர்கள் அந்த இரண்டு விளம்பரப் பலகைகளையும் பார்த்திருப்பார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கத்துப் பலகையில் ஒரு இளைஞன் கையில் கோப்பையோடு சிரிக்கிறான். 'ஜட்பட். இந்தியாவின் முதல் உலாவி. மன்றத்தின் தங்க விருது பெற்றது.' அந்தப் பக்கத்துப் பலகையில் ஒரு பெண் கையில் கோப்பையோடு சிரிக்கிறாள். 'தூஃபான். இந்தியாவின் முதல் உலாவி. மன்றத்தின் தங்க விருது பெற்றது.' விருது ஒன்று, வருடமும் ஒன்று. உற்றுப் பார்த்தால் கோப்பையும் ஒன்றுதான் என்று தெரியும். இரண்டு படத்திலும் அதன் இடது காது ஒரே மாதிரி நசுங்கியிருக்கும்.

உலாவி என்பது செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் இணையதளங்களைத் திறந்து காட்டுகிற பிரவுசர். திறப்பதுதான் அதன் வேலை, வேறு வேலை இல்லை. நம் கட்டடங்களில் கேட்டைத் திறந்துவிடுகிற வாட்ச்மேனுக்கு இதுவரை எவரும் தங்கக் கோப்பை கொடுத்ததில்லை. இதற்குக் கொடுக்க ஒரு மன்றமே இருக்கிறது.

அகில பாரத உலாவி மதிப்பீட்டு மன்றம் செம்பூரில், ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இயங்குகிறது. அதன் தலைவர் வெங்கடேஸ்வரன் மாட்டுங்காவாசி. ஒரு பெரிய கம்பெனியின் நிர்வாகத் துறையில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, நாட்டில் இத்தனை உலாவிகள் மதிப்பிடப்படாமல் கிடக்கின்றனவே என்கிற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. கவலைப்பட ஒரு ஏ.சி. அறை வேண்டும் என்பதால் மன்றம் பிறந்தது. மன்றத்தில் சந்தா கட்டிய உலாவிகள் எல்லாம் சிறந்தவை. கட்டாதவை ஆய்வில் இருக்கின்றன.

அந்த ஆய்வுத் துறை முழுவதும் லிசா என்கிற ஒரே பெண்தான். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு. சயானில் ரயில் ஏறி குர்லாவில் மாறி தினமும் செம்பூர் போய், ஒரே இணையதளத்தை ஒவ்வொரு உலாவியிலும் திறந்து பார்த்து, எது முதலில் திறந்தது என்று எழுதி வைப்பாள். டெம்பரரி வேலை. சில மாதத்துக்கு ஒருமுறை அவளை ஒருநாள் நிறுத்திவிட்டு மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒருநாளும் அவள் வேலைக்குப் போய்விடுவாள், வேலை கிடக்கிறதே என்று.

அவள் பர்மனென்ட் ஆனால் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. இந்தக் கதையில் யாருக்காவது ஏதாவது நிஜமாக வேண்டியிருந்தது என்றால் அது இதுதான். அவளுடைய அம்மா ஏஞ்சலம்மாளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போவதே ஒரு யாத்திரையாகிவிட்டது. ஆபரேஷன் செய்தால் நடப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காப்பீடு இல்லாமல் அதைப் பற்றிப் பேசுவதிலும் பயனில்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

அப்பா லாசர், மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். கேம்ப்பில் நடக்கிற கல்யாணம், காதுகுத்து, கன்வென்ஷன் எல்லாவற்றுக்கும் அவர் ஸ்பீக்கர்தான். ஆனால் ஊருக்குள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறு ஒன்று. வருடாவருடம் அவர்களுடைய சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைக் கூவுகிறவர் அவர்.

அந்த ஏலம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சபையார் காணிக்கையாகப் பூசணிக்காய், சேவல், வாழைத்தார், முட்டை என்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். நைன்டி ஃபீட் ரோட்டுக்காரரும் கேம்ப்காரரும் முறைத்துக்கொண்டால் ஒற்றை முட்டைகூட ஒரு சேவலின் விலைக்குப் போகும். முறைக்க வைப்பதுதான் கூவுகிறவரின் திறமை. லாசரின் ஏலத்துக்கு இரண்டு சட்டம். 'மூணு தரம்' என்று வாயிலிருந்து வந்துவிட்டால் போதகரே வந்தாலும் மாற்ற முடியாது, அது முடிந்த கதை. இரண்டாவது, எடுத்தவர் சபைக்கு முன்னால் வந்து எடுத்த பொருளைத் தூக்கிக் காட்ட வேண்டும். பூசணிக்காய் எடுத்தவர் பூசணிக்காயைத் தூக்குவார். ஆடு எடுத்த ஒருவர் ஒருமுறை ஆட்டைத் தூக்கினார்.

இனி தகராறுக்கு வருவோம்.

பலகைகள் ஏறிய வாரமே ஜட்பட் கம்பெனி தூஃபானுக்கு நோட்டீஸ் விட்டது, தூஃபான் ஜட்பட்டுக்கு விட்டது, இரண்டும் சேர்ந்து மன்றத்துக்கு விட்டன. வெங்கடேஸ்வரன் நிருபர்களை அழைத்து, கீழ்க் கடையிலிருந்து பேடா வரவழைத்துக் கொடுத்துவிட்டு விளக்கினார்.

"விருது ஒண்ணுதான். வாங்கிண்டவா ரெண்டு பேர். இதுல குழப்பம் எங்க இருக்கு? ஒரே சூரியன்தான் சயான்லயும் அடிக்கறது, செம்பூர்லயும் அடிக்கறது. சயான்காரா செம்பூர்காரா மேல கேஸ் போடறாளா?"

"கோப்பையும் ஒண்ணுதானே சார்?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"ரெண்டு கோப்பை பண்ணா, எது அசல்னு சண்டை வரும். அதனாலதான் ஒண்ணு. வந்து போட்டோ எடுத்துண்டு, தொடச்சு வெச்சுட்டுப் போகணும். எல்லாருக்கும் ஒரே மரியாதை."

விளக்கத்தில் யாரும் சமாதானமாகவில்லை. மன்றம் ஒரு சமரசக் குழு அமைத்தது. குழுவின் தலைவரும் வெங்கடேஸ்வரன்தான், உறுப்பினரும் அவரேதான். முதலிடம் ஒருவருக்கு, மற்றவருக்கு 'மழைக்காலத்தின் முதல் உலாவி' என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு பேருமே நனைய மறுத்துவிட்டார்கள். அடுத்து, 'லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு பயன்படுத்தச் சிறந்த உலாவி' ஒருவருக்கு, 'உட்கார்ந்துகொண்டு பயன்படுத்தச் சிறந்த உலாவி' மற்றவருக்கு என்றார். நிற்பதற்கு ஜட்பட் சம்மதித்தது. மும்பை ரயிலில் உட்கார இடம் கிடைத்ததற்கு என்ன ஆதாரம், இல்லாத ஒன்றுக்கு விருது கொடுத்து எங்களை ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்று தூஃபான் அடுத்த நோட்டீஸை அனுப்பியது.

வேறு வழி இல்லாமல், உலாவிகளைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. மன்றத்தின் வரலாற்றில் இவ்வளவு கடுமையான நடவடிக்கை அதற்கு முன் எடுக்கப்பட்டதில்லை. லிசா இத்தனை நாளும் சோதித்து எழுதிக்கொண்டிருந்ததை யாரும் வாசித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் ஒரு வாரம் உட்கார்ந்து திறந்து பார்த்தாள். வெங்கடேஸ்வரனிடம் போய், "சார், ரெண்டும் சேம். பராபர்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதோ பாரு லிசா. நீ நன்னா வேல பண்றே, இல்லேங்கல. ஆனா சமம்ங்கற வார்த்தைய இந்த ஆபீஸ்ல சொல்லப்படாது. எல்லாம் சமம்னா நாம எதுக்கு இருக்கோம்? நாட்டுல ஏற்றத்தாழ்வு இருக்கறதாலதான் நமக்கு வாடகை கட்ட முடியறது."

"ஆனா சார், நெஜமாவே..."

"நெஜம் எல்லார்கிட்டயும் இருக்கு. விருது நம்மகிட்டதான் இருக்கு."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, மாட்டுங்காவில் ஒரு சபா மண்டபத்தில் பகிரங்க விசாரணை வைத்திருப்பதாகவும், அங்கே ஜெயிக்கிறவர்களின் சான்றிதழில் தொழில்நுட்ப அதிகாரி என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். டெம்பரரி ஆள் அதிகாரி ஆக முடியாது. ஆகவே கையெழுத்துப் போட்ட கையோடு பர்மனென்ட் ஆர்டர். அவள் வெளியே வரும்போது, "உங்கப்பாகிட்ட மைக்செட் இருக்கோன்னோ?" என்றும் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் செய்தி கேட்டதும் ஏஞ்சலம்மாள் கட்டிலில் இருந்தபடியே ஜெபம் பண்ணினாள். லாசருக்குத்தான் விஷயம் பிடிபடவில்லை.

"ஏட்டி, ரெண்டுல எதுதான் வேகம்?"

"ரெண்டுமே டப்பா, அப்பா."

"பொறவு எதுக்கு இந்தச் சண்டை?"

"அரே அப்பா, டென்ஷன் எடுக்காதீங்க. நீங்க ஸ்பீக்கர் மட்டும் கட்டுங்க. பஸ், அவ்வளவுதான்."

சனிக்கிழமை காலை லாசர் ஸ்பீக்கர்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா போனார். மண்டபத்தில் ஏ.சி., மேடை, பெரிய திரை, நடுவில் மேஜைமேல் அந்தக் கோப்பை. இடது பக்க நாற்காலிகளில் ஜட்பட் ஆட்கள் சிவப்பு டீஷர்ட்டில். வலது பக்கம் தூஃபான்காரர்கள் நீலத்தில். சபையில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்வதைப் போலவே நடுவில் பாதை விட்டிருந்தார்கள். லாசருக்கு இடம் பழகியதாகத் தோன்ற ஆரம்பித்தது அங்கேதான்.

நிகழ்ச்சியை நடத்த வரவேண்டிய டி.வி. தொகுப்பாளர் வரவில்லை. 'ஜட்பட், தூஃபான்' என்ற வரிசையில் பெயர் சொன்னால் ஒருவர் வழக்குப் போடுவார், மாற்றிச் சொன்னால் மற்றவர். இரண்டு வக்கீல்களிடமிருந்தும் அவருக்கு முன்கூட்டியே கடிதம் போயிருந்தது. தலைவலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டார்.

வெங்கடேஸ்வரன் மேடை ஓரத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்த லாசரிடம் வந்தார்.

"லாசர், நீங்களே மைக்கப் புடிச்சுண்டு நின்னுடுங்கோ. ரெண்டு பேரும் என்ன சொல்றாளோ, அத எல்லார் காதுலயும் விழறாப்பல திருப்பிச் சொன்னாப் போறும். சொந்தமா ஒண்ணும் சேக்கப்படாது."

"அது நம்ம வேலதான சார். வருசா வருசம் பண்ணுதேன்."

"அப்படியா? உங்களுக்கு அனுபவம் இருக்கா?"

"முப்பது பண்டிக பாத்தாச்சு சார்."

வெங்கடேஸ்வரன் திருப்தியோடு போய் உட்கார்ந்தார்.

முதலில் அவர் பேசினார். வெளிப்படைத்தன்மை என்ற சொல்லைப் பலமுறை சொன்னார். மன்றம் இதுவரை எடுத்த எந்த முடிவுக்கும் காரணம் சொன்னதில்லை, இனியும் சொல்லாது, இந்த நேர்மையை எவராலும் அசைக்க முடியாது என்றபோது கைதட்டல் எழுந்தது. பிறகு இரு தரப்பும் தங்கள் கோரிக்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம் என்று அமர்ந்தார்.

ஜட்பட் தரப்பில் நகுல் எழுந்தான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன், மார்க்கெட்டிங் மேனேஜர், பலகையில் சிரிக்கிற இளைஞனே அவன்தான்.

"எங்க ஜட்பட், மத்த உலாவிகளைவிட ரெண்டு மடங்கு வேகம்."

லாசர் மைக்கில் திருப்பிச் சொன்னார். "ஜட்பட், ரெண்டு மடங்கு."

தூஃபான் தரப்பில் ஷைஸ்தா எழுந்தாள். ஆண்டாப் ஹில்காரி. அந்தப் பக்கத்துப் பலகையில் சிரிப்பவள்.

"தூஃபான் மூணு மடங்கு. லேப் டெஸ்ட் இருக்கு."

"தூஃபான், மூணு மடங்கு."

அதன்பின் ஒரு நொடி மண்டபம் அமைதியானது. ஏலம் கூவுகிறவனுக்கு அமைதி ஆகாது. அமைதியில்தான் பொருள் குறைந்த விலைக்குப் போய்விடும். லாசர் யோசித்துச் செய்யவில்லை, நாக்கு தானாகவே போனது.

"மூணு மடங்கு, ஒரு தரம்..."

"நாலு" என்றான் நகுல்.

"ஜட்பட்டு நாலு. நாலு மடங்கு, ஒரு தரம்..."

"அஞ்சு."

"தூஃபான் அஞ்சு. அஞ்சுக்கு மேல சத்தத்தக் காணல. செவப்புச் சட்டக்காரவுக காலைல சாப்புடலியோ?"

"எட்டு" என்று சிவப்புப் பக்கத்திலிருந்து யாரோ கத்தினார். நகுல் திரும்பி அவரை முறைத்துவிட்டு, எட்டு என்று உறுதி செய்தான்.

மேடையில் வெங்கடேஸ்வரன் முதலில் திகைத்தார். சொந்தமாக ஒன்றும் சேர்க்கக் கூடாது என்றுதானே சொன்னோம் என்று யோசித்தார். ஆனால் லாசர் எதையும் சேர்க்கவில்லை. அவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறார். வேகம்தான் தன்னால் சேர்ந்துகொண்டே போகிறது. இத்தனை வருடம் மூடிய அறைக்குள் இரண்டு போன்களில் இரண்டு கம்பெனிகளிடமும் மாறி மாறிப் பேசிச் சந்தாவை ஏற்றத் தான் பட்ட பாட்டை இந்த மனிதர் மைக் முன்னால் எவ்வளவு சுலபமாகச் செய்கிறார் என்று அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், "இதுதான் புது முறை" என்றார்.

இருபதைத் தாண்டியதும் நகுல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"சார், அவா இருபத்தஞ்சு போயிட்டா. நாம முப்பது போலாமா? இன்ஜினியரிங்கக் கேக்கணுமா? ஓகே சார், கேக்க வேண்டாம். முப்பது."

"ஜட்பட்டு முப்பது. ஆண்டாப் ஹில் தங்கச்சி தலையச் சொறியுதாவ. முப்பது, ஒரு தரம். முப்பது, ரெண்டு தரம்..."

"நாப்பது" என்றாள் ஷைஸ்தா. காதிலிருந்த போனில், "நஹீ சார், நாப்பது பரவால்ல, போன மாசம் போஸ்டர்லயே முப்பத்தஞ்சு போட்டிருக்கோம்" என்றாள்.

மண்டபம் சூடு பிடித்துவிட்டது. சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்க வந்தவர்கள்கூடக் கதவருகே நின்றுவிட்டார்கள். லாசருக்கு வியர்த்தது. முப்பது பண்டிகையில் இப்படி ஒரு ஏலம் அவர் கண்டதில்லை. பொருள் எது என்றுகூட யாரும் கேட்கவில்லை. எழுபது, எண்பது என்று ஏறி, ஷைஸ்தா எண்பத்தொன்பதில் நின்றாள். அதற்கு மேல் போவதென்றால் சட்டத்துறையின் ஒப்புதல் வேண்டும், சட்டத்துறை சனிக்கிழமை லீவு. நகுல் தொண்ணூறு என்றான்.

"தொண்ணூறு மடங்கு, ஒரு தரம். தொண்ணூறு மடங்கு, ரெண்டு தரம். தொண்ணூறு மடங்கு..." லாசர் நீலச் சட்டைகளை ஒருமுறை பார்த்தார். "மூணு தரம்."

சிவப்புச் சட்டைகள் நாற்காலிமேல் ஏறினார்கள். நகுல் மேடைக்கு ஓடிவந்து கோப்பையைத் தூக்கினான்.

"கீழ வைங்க தம்பி" என்றார் லாசர்.

நகுலுக்குப் புரியவில்லை.

"எடுத்தவிய எடுத்த சாமானத்தத்தான தூக்கிக் காட்டணும்? நீங்க எடுத்தது கப்பு இல்ல. தொண்ணூறு மடங்கு. அதத் தூக்கிக் காட்டுங்க, சபை பாக்கட்டும்."

நீலச் சட்டைகள் இதற்குப் பலமாகக் கைதட்டின. நகுல் வெங்கடேஸ்வரனைப் பார்த்தான். வெங்கடேஸ்வரன், புது முறை என்றால் அதன் எல்லாச் சடங்கும் இருக்கத்தான் செய்யும் என்பது போலத் தலையசைத்தார். எந்த இணையதளத்தைத் திறப்பது என்ற கேள்வி வந்தது. நடுநிலையாக இருக்கட்டும் என்று மன்றத்தின் இணையதளத்தையே திறப்பது என்றார்கள். லிசா லேப்டாப்பைப் பெரிய திரையில் இணைத்து, ஜட்பட்டைத் திறந்து, மன்றத்தின் பெயரை அழுத்தினாள்.

திரையில் ஒரு வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது.

அது சுற்றியது. மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ இருமினார். வட்டம் சுற்றியது. வைஃபை சரியில்லை என்று சிவப்புப் பக்கம் முணுமுணுத்தது, மன்றத்தின் சைட் சரியில்லை என்று இன்னொருவர் முணுமுணுத்தார். நீலப் பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. சமையல்காரர் வந்து, சாதம் ஆறுகிறது என்று சைகை காட்டிவிட்டுப் போனார். வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நொறுங்கியிருப்பார்கள். வெங்கடேஸ்வரன் எழுந்து லாசரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"நண்பர்களே, நாம இப்ப எதப் பாத்துண்டிருக்கோம்? ஒரு வட்டம். அது நிக்கறதா? நிக்கல. தயங்கறதா? தயங்கல. பக்கம் திறக்கணும்ங்கறது பழைய காலத்து அளவுகோல். திறந்துட்டா என்ன ஆறது? வேகம் அங்கயே முடிஞ்சு போயிடறது. திறக்காம இருக்கற வரைக்கும்தான் ஒரு உலாவி வேகமா இருக்க முடியும். இவ்வளவு நேரம் இடைவிடாம வேகமா இருந்த ஒரு உலாவிய என் வாழ்க்கைல நான் பாத்ததில்ல."

இரண்டு பக்கமும் கைதட்டியது. நீலப் பக்கம் ஏன் தட்டியது என்று கேட்டால், ஷைஸ்தா உடனே எழுந்து சொன்னதில் பதில் இருக்கிறது.

"சார், எங்க வட்டம் இதவிட ஃபாஸ்ட்டா சுத்தும்."

"அடுத்த வருஷம் அதுக்குன்னு ஒரு விருது வெச்சுடலாம்" என்றார் வெங்கடேஸ்வரன்.

சான்றிதழ் மேஜைக்கு வந்தது. 'தொண்ணூறு மடங்கு வேகமானது என்று சோதித்து உறுதி செய்கிறேன்' என்று இருந்தது. கீழே லிசாவின் பெயர். லிசா பேனாவை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"எத விடத் தொண்ணூறு மடங்கு, சார்?"

"எத விடங்கறது போட்டிக்காரா கேக்கற கேள்வி. நீ அதிகாரி."

"நான் டெஸ்ட் பண்ணதுல ரெண்டும்..."

"லிசா. அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு?"

அவர் அதை மிரட்டலாகக் கேட்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் கொடுமை. லிசா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். லாசர் கையில் மறுபடியும் மைக் வந்திருந்தது. அவர் கூவியதுதான் அந்தத் தொண்ணூறு. இரண்டு தரத்தோடு நிறுத்தியிருக்கலாம். பூசணிக்காய்க்கு உண்டான நாக்கை எங்கே கொண்டுவந்து நீட்டினோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மகள் கையெழுத்துப் போடக் கூடாது என்று நினைத்தார். போட வேண்டும் என்றும் நினைத்தார். கட்டிலைப் பிடித்துப் பிடித்து நடக்கிற ஏஞ்சலம்மாள் கண்ணுக்குள் வந்தாள்.

"போடும்மா" என்றார் மெதுவாக. "அம்மையோட முட்டிய நெனச்சுக்கோ."

மைக்கை அணைக்க மறந்திருந்தார். மண்டபம் முழுக்க அது கேட்டது. ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் லிசா கையெழுத்துப் போட்டாள். பெரிய திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் புதுப் பலகைகள் ஏறின. 'ஜட்பட். தொண்ணூறு மடங்கு வேகம். மன்றச் சான்று பெற்றது.' எதிர்ப் பக்கத்தில்: 'தூஃபான். எண்பத்தொன்பது மடங்கு வேகம். பகிரங்க விசாரணையில் பங்கேற்றது.' அன்று மதியமே லிசாவின் போனுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது.

ஆர்டர் என்றால் தாள் இல்லை. ஒரு இணைப்பு. அதை அழுத்தித் திறந்து, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை மாலை ஆறு மணிக்குள் அழுத்த வேண்டும். தவறினால் ஆர்டர் தானாக ரத்தாகும். விருதைக் கௌரவிக்கும் விதமாக, மன்றத்தின் எல்லாக் கடிதங்களும் இனி ஜட்பட் உலாவியில் மட்டுமே திறக்கும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது.

லிசா அழுத்தினாள். வட்டம் வந்தது.

போனை நிறுத்திப் போட்டாள். வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். மாடிக்கு ஏறிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் போனில் ஜட்பட்டை ஏற்றிப் பார்த்தாள். எங்கே போனாலும் அந்த வட்டம் அவளுக்கு முன்னால் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் வெங்கடேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"சார், ஆர்டர் திறக்க மாட்டேங்குது. பேப்பர்ல குடுத்துருங்க சார், ப்ளீஸ். நானே இப்ப வந்து வாங்கிக்கறேன்."

"பேப்பர்ல குடுத்தா என்ன ஆகும் தெரியுமோ? மன்றத்துக்கே தன்னோட விருதுமேல நம்பிக்கை இல்லன்னு தூஃபான்காரா நாளைக்கே போர்டு வெப்பா. திறக்கலேன்னா முறைப்படி ஒரு புகார் குடு. அதுக்குத்தான் துறை இருக்கே."

புகார் கொடுக்கிற பக்கம் மட்டும் எல்லா உலாவியிலும் திறந்தது. லிசா எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. 'அன்புடையீர். ஜட்பட் தொண்ணூறு மடங்கு வேகமானது என்று முறைப்படி சோதித்து உறுதி செய்யப்பட்டுள்ளது. இதுகுறித்த சந்தேகங்களுக்குச் சான்றளித்த அதிகாரியை அணுகவும். பெயர்: லிசா லாசர்.' கீழே அவளுடைய போன் எண்ணே இருந்தது.

அவள் அதை அப்பாவிடம் படித்துக் காட்டினாள். அவருக்குத் தமிழ் படிக்க வரும், அவளுக்குத்தான் எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் அவள்தான் படித்தாள். படித்து முடித்து, "சலோ, என்கிட்டயே கேக்கச் சொல்றாங்க" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். போன் நடுவில், தலையணைமேல். வெளியே கேம்ப்பில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டது. குடத்தை எடுக்க யாரும் எழவில்லை.

"இன்னும் தொறக்கலியா?" என்று ஏஞ்சலம்மாள் கேட்டாள்.

"சுத்துது" என்றார் லாசர்.

"நல்லா வேகமாத்தான் சுத்துது" என்றாள் அவள். அவள் மண்டபத்துக்கு வந்ததில்லை, வெங்கடேஸ்வரனின் பேச்சையும் கேட்டதில்லை. பாவம், கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

ஆறு மணி நெருங்கியது. யாரும் ஒன்றும் பேசவில்லை. லாசருக்கு அமைதி ஆகாது. கண்ணை வட்டத்தின்மேல் வைத்தபடியே, தனக்குத் தெரியாமல், வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"ஒரு தரம்..."

லிசா நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு தரம்..."

ஏஞ்சலம்மாள், எழுந்திருக்க முடியாத முட்டியை வைத்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.